ஐக்யூ 72: அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ். சோதனை அறையிலோ பெரும்பாலும் மலையாளம். ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனக்குறைவும் அதீதத் துடிப்பும்) இருக்குமோ என்று கூட்டிப்போகும் பெற்றோர், ரிப்போர்ட்டில் ‘ஐக்யூ 72’ என்ற அறிவுத்திறன் எண் வரியைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதைவிட முக்கியமானது அடுத்த பக்கத்தில் இருக்கும் உட்சோதனை மதிப்பெண் அட்டவணை.

ஐக்யூ அளக்கப் பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் வகைச் சோதனையில் சராசரி 100. பல உட்சோதனைகளைச் சேர்த்துத்தான் அந்த மொத்த எண் வருகிறது. உட்சோதனை ஒவ்வொன்றுக்கும் சராசரி 10. கட்டைகளை அடுக்கி வடிவம் செய்வதில் 12, குறியீட்டில் 4 என்று வாங்கும் பிள்ளையை மொத்த எண் மறைத்துவிடும்.

குறியீட்டுச் சோதனையையே பாருங்கள். தாளின் மேலே எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. கீழே வெறும் எண்கள். உரிய குறியை வரைந்துகொண்டே போகவேண்டும். நேரம் 120 விநாடி. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒவ்வொரு குறியையும் அச்சு அசலாக வரைய முயன்று நேரத்தை இழக்கலாம். ஏடிஎச்டி என்றால் பாதியில் கவனம் நழுவும். மனச்சோர்வில் கையே மெதுவாக நகரும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) உள்ள பெரியவர்களிடம் மிகவும் அடிபடும் திறன்களில் இதுவும் ஒன்று. எல்லோருக்கும் 4 வரலாம், காரணம் வேறு வேறு. அதனால்தான் சோதித்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு எண்ணைவிட மதிப்புள்ளது. அது இல்லாத ரிப்போர்ட்டைக் கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள்.

மருந்தும் எண்ணை மாற்றும். கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நினைவாற்றலைக் குறைக்கக்கூடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

மொழி இன்னும் பெரிய சிக்கல். சொற்பொருள் கேள்விகளை அந்த இடத்திலேயே தமிழாக்கிக் கேட்டால் கடினம் கூடும் அல்லது குறையும். மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் அட்டவணை அதற்குப் பொருந்தாது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் உட்சோதனையில், சோதிப்பவர் எண்களை விநாடிக்கு ஒன்றாகச் சொல்லவேண்டும். ‘நாலு-ஏழு, ரெண்டு-ஒன்பது’ என்று ஜோடி சேர்த்துச் சொன்னாலே நினைவில் வைப்பது எளிதாகிவிடும். பேச்சு குறைவான ஆட்டிசப் பிள்ளைகளில் பலர், சொல் அதிகம் தேவைப்படாத ரேவன் வடிவச் சோதனையில் வெக்ஸ்லரைவிடக் கணிசமாக நன்றாகச் செய்கிறார்கள். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிழை உண்டு; 72 என்று வந்தால் உண்மையான எண் ஏறக்குறைய 67 முதல் 77 வரை எங்காவது இருக்கலாம். 70க்குக் கீழே வந்தாலும் அறிவுசார் குறைபாடு என்று அதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. உடுத்துவது, கடைக்குப் போவது, பேருந்து ஏறுவது போன்ற அன்றாடத் திறன்களையும் அளக்கவேண்டும். மனச்சோர்வு உச்சத்தில் இருந்தபோது எடுத்த சோதனை என்றால், சிகிச்சையில் தேறிய பின் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.