ஸ்டேக்ஹோல்டர் பங்குதாரர் அல்லர். அவருக்குத் தருவது அணுகலா, அனுமதியா?

மென்பொருள் குழுக்கள் வேலையையும் நிரலையும் சேர்த்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் சேவையான அசூர் டெவ்ஆப்ஸில் ஒருவரைச் சேர்க்கும்போது ‘ஆக்சஸ் லெவல்’ என்ற பெட்டியில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்றொரு தேர்வு வரும். தமிழில் பயிற்சிக் குறிப்பு எழுதும்போது இதைப் ‘பங்குதாரர்’ என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. ‘தார்’ என்பது ‘வைத்திருப்பவர்’ என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் இருப்பது அதுதான். ஆகவே பங்குதாரர் என்றால் பங்கை வைத்திருப்பவர், அதாவது ஷேர்ஹோல்டர். அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது. மென்பொருள் திட்டத்தின் ஸ்டேக்ஹோல்டருக்கு நிறுவனத்தில் ஒரு பங்குகூட இருக்க வேண்டியதில்லை. மென்பொருளைக் கேட்ட வாடிக்கையாளர், அதை விற்கப்போகும் பிரிவின் மேலாளர், அதன் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் என்று அதன் நன்மை தீமை யாரையெல்லாம் தொடுமோ அவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

சொல்லின் பிறப்பு பந்தயத்தில் இருக்கிறது. ‘ஸ்டேக்’ என்றால் பணயம். இருவர் பந்தயம் கட்டும்போது இரு பக்கப் பணத்தையும் நடுவில் நிற்கும் மூன்றாமவரிடம் கொடுத்துவைப்பார்கள்; 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அவர்தான் ஸ்டேக்ஹோல்டர். யார் வென்றாலும் அவருக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது கொடுக்கும் முன்பணத்தை இரு தரப்புக்கும் பொதுவாக வைத்திருப்பவரை இன்றும் இதே பெயரால் சொல்கிறார்கள். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில் இந்தச் சொல் மேலாண்மைப் பொருளில் வந்தது. 1984-இல் மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் எழுதிய நூலுக்குப் பிறகு எங்கும் பரவியது. இடையில் பொருள் தலைகீழாகிவிட்டது. பிறர் பணயத்தை வைத்திருந்தவர் போய், தனக்குரியதே பணயத்தில் இருப்பவர் என்றாகிவிட்டார்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பங்காளி’ கூடாது, அதைக் கேட்டதும் நம் காதில் தாயாதிச் சண்டைதான் ஒலிக்கும். ‘பங்கேற்பாளர்’ கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவருக்கும் பொருந்துவதால் தளர்வாக இருக்கிறது. ‘சம்பந்தப்பட்ட தரப்பினர்’ பொருளளவில் சரி, ஆனால் பொத்தானுக்கு நீளம். தொடர்ந்து எழுதும் உரையில் ‘அக்கறையுடையோர்’ என்றும், திரையில் தோன்றும் பெயராக ‘அக்கறையாளர்’ என்றும் வைத்துக்கொள்வதே என் தேர்வு.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. ஆக்சஸ், பெர்மிஷன் இரண்டையும் ‘அனுமதி’ என்ற ஒரே சொல்லால் எழுதுகிறோம். அதனால் மொழி மட்டும் கெடவில்லை, வேலையும் கெடுகிறது.

ஆக்சஸ், ‘நெருங்கிச் செல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு நேர் வினை ‘அணுகு’. ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று குறள் 691-இல் அரசனிடம் எவ்வளவு நெருங்கலாம் என்பதைச் சொல்ல வந்த அதே வினை. எனவே ஆக்சஸ் என்பது அணுகல். பெர்மிஷன், ‘போகவிடு’ என்ற பொருளுடைய லத்தீன் வினையின் வழிவந்தது. ‘அனுமதி’ வடசொல்தான், ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதற்குப் பதில் ‘இசைவு’ போடலாம் என்பார்கள். நான் போடமாட்டேன். இசைவு என்பது ஒருவர் தாமாக ஒத்துக்கொள்வது. ‘கன்சென்ட்’டுக்கு அதுதான் வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. அங்கே இந்தச் சொல் தேவைப்படும்போது, நிர்வாகி தரும் அனுமதிக்கும் அதையே செலவழித்திருக்கக் கூடாது.

மென்பொருளின் எந்தப் பகுதிக்குள் நுழையலாம் என்பது அணுகல். நுழைந்தபின் எதைச் செய்யலாம் என்பது அனுமதி. அசூர் டெவ்ஆப்ஸில் அணுகல் நிலை உரிமத்தோடு, அதாவது லைசென்ஸோடு கட்டப்பட்டது. ‘பேசிக்’ நிலை முதல் 5 பேருக்கு இலவசம், அதற்குமேல் கட்டணம். ‘ஸ்டேக்ஹோல்டர்’ நிலை எத்தனை பேருக்கும் இலவசம். இந்த நிலையில் இருப்பவர் பணி உருப்படிகளை, அதாவது செய்யவேண்டிய வேலைகளின் பதிவுகளைச் சேர்க்கலாம், திருத்தலாம். முன்னேற்றப் பலகையைப் பார்க்கலாம். ஆனால் பொதுவில் திறந்துவைக்காத ‘ப்ரைவேட்’ திட்டத்தில் நிரல் இருக்கும் ‘ரெப்போஸ்’ பகுதி அவருக்குத் திறக்காது.

அடிக்கடி வரும் கோளாறு இங்கேதான். புதிதாக வந்த நிரலாளரை, திட்டத்தில் வேலை செய்வோருக்கான ‘கான்ட்ரிபியூட்டர்ஸ்’ குழுவில் சேர்த்திருப்பார்கள். அவர் திரையில் ‘ரெப்போஸ்’ தென்படாது. நிர்வாகி அனுமதிப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். எல்லாம் ‘அலவ்’ என்றே இருக்கும். கடைசியில் அவசரத்துக்கு அந்த நிரலாளரையே நிர்வாகிகள் குழுவில் போட்டுவிடுவார். அப்போதும் திறக்காது, ஆனால் தேவையில்லாத அதிகாரம் ஒருவர் கைக்குப் போயிருக்கும். தவறு அனுமதியில் இல்லை, அணுகல் நிலை ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்று இருப்பதில்தான். ‘ஆர்கனைசேஷன் செட்டிங்ஸ்’ திறந்து, ‘யூசர்ஸ்’ பட்டியலில் அவர் பெயரைத் தேடி, ‘ஆக்சஸ் லெவல்’ பெட்டியில் ‘பேசிக்’ என்று மாற்றுங்கள். பிறகு அவரை வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள்.

அனுமதிக்குத் தனி இடம் உண்டு: ‘ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்’, அதில் ‘பெர்மிஷன்ஸ்’. ஒவ்வொரு அனுமதிக்கும் ‘அலவ்’, ‘டினை’, ‘நாட் செட்’ என்ற நிலைகள் இருக்கும். இவற்றை முறையே ‘அனுமதி’, ‘மறுப்பு’, ‘குறிக்கப்படவில்லை’ எனலாம். கடைசி இரண்டையும் ஒன்றென்று எண்ணக் கூடாது. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றில் ‘குறிக்கப்படவில்லை’ என்றும் மற்றதில் ‘அனுமதி’ என்றும் இருந்தால் அவரால் அந்த வேலையைச் செய்ய முடியும். ஒன்றில் ‘மறுப்பு’ இருந்துவிட்டால் பெரும்பாலும் முடியாது. மறுப்பு அனுமதியை வென்றுவிடும். அதனால் ‘இவர் செய்ய வேண்டாம்’ என்பதற்காக மறுப்பைத் தூவிவைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு குழுவில் அனுமதி கொடுத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடவேண்டி வரும். வேண்டாததைக் குறிக்காமல் விட்டாலே போதும்.

‘ப்ரிவிலெஜ்’ என்ற சொல்லும் இந்தப் பக்கங்களில் வரும். கணினி அறிவியலாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவருக்கும் வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே இது இருக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தார்கள். இதைச் ‘சலுகை’ என்று எழுதுவது பேருந்துக் கட்டணச் சலுகை போலாகிவிடும். லத்தீனில் ஒரு தனி ஆளுக்கென்று இயற்றிய சட்டம் என்பது இதன் மூலப்பொருள். ‘சிறப்புரிமை’ அதற்குப் பொருந்தும்.

ஒருவர் விலகிப்போகும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். திட்டக் குழுவிலிருந்து பெயரை எடுத்தால் அந்தக் குழு வழியாக வந்த அனுமதி போகும். அணுகல் அப்படியே இருக்கும், ‘பேசிக்’ உரிமமும் அவர் கணக்கிலேயே நிற்கும். ‘யூசர்ஸ்’ பட்டியலிலிருந்தும் நீக்கினால்தான் அது போகும்.