12 என்ற ஊரைத் தேடிய நிரல்

ஸ்காலா என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்களுக்கு, நிரலை ஓட்டுவதற்கு முன்பே சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் இருக்கிறதே என்று ஒரு மிதப்பு உண்டு. டைப் (எண்ணா, எழுத்தா என்ற மதிப்பின் வகை) பொருந்தாவிட்டால் அது விடாது, விட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று. எனக்கும் இருந்தது, ஒரு சனிக்கிழமை இரவு வரை.

பார்சல் டெலிவரி மென்பொருள் அது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று சொல்ல ஒரு மேப், அதாவது சாவியும் அதற்குரிய மதிப்பும் கொண்ட பட்டியல், வைத்திருந்தோம். சாவி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), மதிப்பு இன்ட் (முழு எண்). இதைப் பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்களுக்குக் கைமாற்றிச் சலித்துப்போய், இம்ப்ளிசிட் பாராமீட்டராக்கினேன். அழைக்கும் இடத்தில் எழுத வேண்டாம். அந்த டைப்பில் 'இம்ப்ளிசிட்' என்று குறித்த மதிப்பு ஒன்று அந்த இடத்திலிருந்து எட்டும்படி இருந்தால் கம்பைலரே எடுத்துக் கொடுத்துவிடும்.

சில மாதம் கழித்து, பார்சல் எடையை இன்ட்டிலிருந்து ஸ்ட்ரிங்காக மாற்ற நேர்ந்தது. மாற்றிவிட்டு, கம்பைலர் பிழை காட்டிய இடத்தையெல்லாம் திருத்தினேன். பிழைகள் தீர்ந்ததும் டெப்ளாய் செய்துவிட்டோம்.

இரவு லாகில் (நிரலின் பதிவேட்டில்) ஒரு எக்ஸப்ஷன், ஓடும்போது வரும் பிழை: 'கீ நாட் ஃபவுண்ட்: 12'. 12 என்று ஒரு ஊரை யார் கேட்டார்கள்? அரை மணி நேரம் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த 12, கிலோ.

ஸ்காலாவில் மேப் என்பதே ஒரு ஃபங்ஷன். சாவியை வாங்கி மதிப்பைத் தரும். ஸ்காலா 2-இல், இம்ப்ளிசிட்டாகக் கிடைக்கும் ஃபங்ஷன் ஒரே ஆர்க்யுமென்ட் வாங்குவதாக இருந்தால், அது டைப் கன்வர்ஷனாகவும், அதாவது ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றும் வழியாகவும், செல்லும். நான் திருத்தாமல் விட்ட ஒரு வரி, அந்த மேப்பை வாங்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே இருந்தது. இன்ட் வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் வந்ததும், பிழை சொல்வதற்கு முன் கன்வர்ஷன் ஏதும் உண்டா என்று கம்பைலர் தேடியது. என் மேப் அகப்பட்டது. எடையை ஊராக நினைத்து அதற்குள் போட்டுவிட்டது. லிஸ்ட்டும் இப்படித்தான், இட எண்ணை வாங்கி அங்கிருப்பதைத் தரும் ஃபங்ஷன்: ஸ்ட்ரிங் லிஸ்ட்டை இம்ப்ளிசிட் ஆக்கினால், அது இன்ட்டை ஸ்ட்ரிங்காக்கும் கன்வர்ஷன்.

எக்ஸப்ஷன் வந்தது நல்லதாகப் போயிற்று. ஊர்ப் பெயருக்குப் பதில் ஸ்ட்ரிங்காக எழுதிய கிளை எண் சாவியாக இருந்து, 12-ஆம் கிளைக்கு 3 நாள் என்றும் இருந்திருந்தால், 12 கிலோ பார்சல் சத்தமில்லாமல் 3 கிலோவுக்கு பில் ஆகியிருக்கும்.

கம்பைலர் டைப்களைச் சரிபார்க்கும் டைப்பர் கட்டம் முடிந்த நிரலை அச்சிடச் சொல்லும் கம்பைலர் ஆப்ஷன் ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்த்தபோதுதான், நான் எழுதாத மேப் அழைப்பு அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேப்பை ஒரு கேஸ் கிளாஸுக்குள் (நாமே பெயரிட்டு உருவாக்கும் தனி டைப்) வைத்து, அந்தக் கிளாஸை மட்டும் இம்ப்ளிசிட் ஆக்கினேன். விட்டுப்போன வரியில் உடனே பிழை காட்டியது. பின்னணியில் ஓடும் வேலையான ஃபியூச்சருக்கு வேண்டிய எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட், சார்ட் (வரிசைப்படுத்தல்) செய்ய வேண்டிய ஆர்டரிங் எல்லாம் இம்ப்ளிசிட்டாக வந்தும் தொல்லை தராததற்குக் காரணம், அவை அந்த வேலைக்கென்றே உள்ள தனி டைப்கள்.

2021-இல் வந்த ஸ்காலா 3 இந்த வழியை அடைத்துவிட்டது. அங்கே இம்ப்ளிசிட் பாராமீட்டருக்கு 'யூசிங்' என்று எழுதுகிறோம். கன்வர்ஷனுக்குத் தனியாக 'கன்வர்ஷன்' என்றே ஒரு டைப் இருக்கிறது, மேப் தற்செயலாக அதில் சேராது. ஆனால் எங்கள் ரெப்போக்களில் (நிரல் தொகுப்புகளில்) பாதி இன்னும் ஸ்காலா 2.12-இல் ஓடுகின்றன. ரிவ்யூவில் இம்ப்ளிசிட் பக்கத்தில் வெறும் மேப்போ லிஸ்ட்டோ கண்டால் நான் அப்ரூவல் கொடுப்பதில்லை.