மாகாணம் வேறு, மாநிலம் வேறு

குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1ஆம் நாளை ஒட்டி நடைபெறும் கூட்டங்களில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956இல் ‘சென்னை மாகாணத்தோடு’ சேர்ந்தன என்று பேசுகிறார்கள். விழா மலர்களிலும் அப்படியே அச்சிடுகிறார்கள். அந்த ஆண்டில் சென்னை மாகாணம் என்று ஒன்று இல்லை. 1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே அது மாநிலமாகிவிட்டது.

‘பிராவின்ஸ்’ என்பதற்கு ஈடாக மாகாணம் என்ற சொல் ஆங்கிலேயர் காலத்திலேயே நிலைத்துவிட்டது. பிராவின்ஸுக்கு மூலமான இலத்தீன் சொல், ரோமானியர் வென்று ஆண்ட நிலப்பகுதியைக் குறித்தது. மாநிலமோ பழந்தமிழ்ச் சொல்; ‘மாநிலம் சேவடி ஆக’ என்று நற்றிணைக் கடவுள் வாழ்த்தில் வருமிடத்தில் அதற்கு உலகம் என்பதே பொருள்.

மாகாணம் தூய தமிழன்று, ஆகவே எல்லா நாட்டுக்கும் மாநிலம் என்றே எழுதுவோம் என்பவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். அவர்கள் முடிவை ஏற்க இயலாது. இலங்கை தன் அரசமைப்பிலேயே ஒற்றையாட்சி நாடு, அதாவது மேலான அதிகாரம் நடுவணரசிடமே உள்ள நாடு, என்று கூறிக்கொள்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தால் வந்த மாகாண சபைகள் இருந்தும், அங்கே உள்ளூராட்சி மன்றங்களின் அமைப்பை வரையறுப்பது நாடாளுமன்றச் சட்டமே. இங்கோ உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. நாகர்கோவில் நகராட்சி 2019இல் மாநகராட்சியானது தமிழ்நாட்டுச் சட்டத்தால். வட மாகாணத்தை ‘வட மாநிலம்’ என்று எழுதினால், அங்குள்ள தமிழர் நெடுங்காலமாகக் கேட்டும் கிடைக்காத கூட்டாட்சியைக் கிடைத்துவிட்டதாகச் சொன்னதாகும். இதைவிடப் பெரிய பிழை மொழிபெயர்ப்பில் உண்டா?

மாகாணம் என்றாலே அதிகாரம் குறைந்தது என்றும் கொள்ள வேண்டாம். கனடாவின் பத்து மாகாணங்களும் தத்தம் அதிகாரத்தை அரசமைப்பிலிருந்தே பெறுகின்றன. நகரசபைகளை உருவாக்குவதும் அவையே. அந்தந்த நாடு தன் சட்டத்தில் எப்பெயர் சூட்டியுள்ளதோ அதற்கு நேரான சொல்லை ஆள்வதே முறை. தனித்தனி அரசமைப்பு உடைய அமெரிக்க மாநிலங்களை ‘டெக்சாஸ் மாகாணம்’, ‘கலிபோர்னியா மாகாணம்’ என்று நாள்தோறும் எழுதும் செய்தியாளர்கள் இதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் மலையாளத்தில் ‘ஸம்ஸ்தானம்’ என்றால் இன்றைய மாநிலம். தமிழில் சமஸ்தானம் என்றால் மன்னராட்சிக்குட்பட்ட நாடு. மலையாள ஆவணங்களைத் தமிழாக்குபவர் சிலர் ‘கேரள சமஸ்தானம்’ என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். குமரி முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூரைப் பொறுத்தவரை 1949 ஜூலை 1இல் கொச்சியோடு இணையும்வரை சமஸ்தானம் என்றும், 1950 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்றும் எழுத வேண்டும். மாகாணம் என்ற சொல்லுக்கு அந்த வரலாற்றில் எங்கும் இடமில்லை.