கண் ஆபரேஷனுக்குப் பின் வலி கூடினால்

கண்புரை ஆபரேஷன் இன்று பத்து இருபது நிமிட வேலை. குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ வேலூர் வந்து, லென்ஸ் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் நல்லபடியாகவே முடிகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கோ, அதைவிட அபூர்வமாகவோ, கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது. எண்டாப்தல்மைட்டிஸ் என்று பெயர்.

விரலில் முள் குத்தினால் ரத்தத்தோடு வெள்ளணுக்கள் ஓடி வந்து கிருமியை ஒரு கை பார்த்துவிடும். கண்ணுக்குள் அது சுலபமில்லை. வெளிச்சம் தடையில்லாமல் விழித்திரைக்குப் போக வேண்டுமே! அதனால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுமார் 4 மில்லி விட்ரியஸ் கூழில் ரத்தக் குழாயே கிடையாது. கண்ணின் முன்னறையில் நீர் ஊறி வடிந்துகொண்டே இருப்பதால் அங்கே சில கிருமிகள் விழுந்தாலும் பெரும்பாலும் வெளியேறிவிடும். கூழுக்குள் போய்விட்டால்தான் வம்பு. ஆபரேஷனில் லென்ஸின் பின்பக்க உறை கிழிந்தால் ஆபத்து பல மடங்கு கூடுவது இதனால்தான்.

கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமையிலிருந்தே வருகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நம் எல்லோர் தோலிலும் சாதுவாகக் குடியிருப்பது. கத்தி வைக்கும் முன் பழுப்பு நிறப் பொவிடோன் அயோடினைக் கண்ணிலேயே விடுவது அதை அடக்கத்தான். ஒரே நாளில், ஒரே தியேட்டரில் பலருக்கு வந்தால் சந்தேகம் கருவிகள் மேலும் கண்ணைக் கழுவும் திரவத்தின் மேலும் திரும்பும். அப்போது சூடோமோனாஸ் போன்ற முரட்டுக் கிருமிகளாக இருக்கலாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் கண் மருத்துவர் விக்டர் ராம்போ காலத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கே போய் ஆபரேஷன் செய்தார்கள். இன்று முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில் இந்தக் கவலைக்கும் பங்குண்டு.

இன்னொரு தடுப்பும் நம் ஊரிலேயே நிரூபணமானது. ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளை வைத்து அலசினார்கள். 2017இல் வந்த முடிவு: தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்திருந்தது.

சரி, வீட்டில் என்ன கவனிப்பது? நாளுக்கு நாள் பார்வை தெளிய வேண்டும், உறுத்தல் குறைய வேண்டும். முதல் வாரத்தில் அது தலைகீழாகி, வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் ஆபத்து. சில சமயம் கருவிழியின் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பது கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். "ஆபரேஷன் பண்ண கண்ணு, அப்படித்தான் வலிக்கும்" என்று பாட்டி சொல்வார். விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று யாராவது யோசனையும் சொல்வார்கள். இவை எதையும் கண்ணில் விடாதீர்கள். மறுபரிசோதனைத் தேதிக்கும் காத்திருக்காதீர்கள். நல்ல பார்வை நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் போய்விடும்.

மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்திலிருந்து கூழுக்குள் மருந்து போதிய அளவு இறங்காது. வான்கோமைசின், செஃப்டசிடைம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் தலா 0.1 மில்லி, ஊசியால் நேராகக் கூழுக்குள் செலுத்துவார்கள். வெளிச்சம் மட்டுமே தெரியும் அளவுக்கு முற்றியிருந்தால், சீழ் பிடித்த கூழையே உடனே வெட்டி எடுக்க வேண்டிவரும்.