கம்பாஸில் பணம் கட்டினால் மட்டும் மியூசிக்கல் போட முடியாது

நியூயார்க்கின் பிராட்வே மியூசிக்கல் (இசை நாடகம்) ஒன்றைத் தமிழில் போடப் போகிறோம், அரங்கம் பதிவு செய்தாச்சு, நடிகர்களும் தயார் என்று வரும் குழுக்களிடம் நான் முதலில் கேட்பது, ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். பெரும்பாலும் இணையத்தில் யாரோ போட்டு வைத்த பிடிஎஃப். பாட்டுக்கு? "கம்பாஸில் கட்டிவிடுவோம்" என்பார்கள்.

கம்பாஸ் என்பது சிங்கப்பூரில் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் தரும் சங்கம். அதன் உரிமம் பாடல்களைத் தனியாகப் பொதுவில் பாடவும் இசைக்கவும்தான். அதே பாடல் கதையோடும் வசனத்தோடும் நாடகமாக மேடையேறினால் அது வேறு உரிமை. கிராண்ட் ரைட்ஸ் என்பார்கள். அதை உரிமையாளரிடமோ அவர் சார்பில் உரிமம் தரும் நிறுவனத்திடமோதான் வாங்க வேண்டும். பிராட்வே படைப்புகள் பலவும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற நிறுவனங்களிடம் இருக்கின்றன. இருக்கை எத்தனை, டிக்கெட் விலை என்ன, எத்தனை காட்சி என்று கேட்டுத்தான் ராயல்டி சொல்வார்கள், ஆகவே 614 இருக்கை உள்ள விக்டோரியா தியேட்டருக்கும் ஒரு சின்ன பிளாக் பாக்ஸ் அரங்குக்கும் ஒரே தொகை வராது. இசைக்குறிப்புகளுக்கான வாடகையும் தனியாக வரலாம்.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது மொழிபெயர்ப்பில். நாடகம் போட அனுமதி கிடைத்தாலும் தமிழாக்கத்துக்குத் தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும். கதையை நம் லிட்டில் இந்தியா பக்கத் தேக்காவுக்கு மாற்றுவது, ஒரு காட்சியை வெட்டுவது, அண்ணன் பாத்திரத்தை அக்காவாக்குவது, எல்லாமே கேட்டுத்தான். மெட்டுக்குப் பொருந்த ஒருவர் ராத்திரி பகலாக எழுதிய தமிழ் வரிகள், கேட்காமல் தொடங்கியதால் மேடையேற முடியாமல் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தரும் கலை நிகழ்ச்சி உரிமமும் அவசியம்தான், ஆனால் அது பதிப்புரிமைக்கு ஈடாகாது. யூடியூபில் ஏற்றுவதற்கும் தனி அனுமதி வேண்டும்.

சரி, பாரதியார் பாடல்களை வைத்து நாமே ஒன்று உருவாக்கலாமே என்றால், தாராளமாக. சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. பாரதி மறைந்தது 1921இல். ஆனால் சினிமாவில் வந்த மெட்டையும் ஒலிப்பதிவையும் அப்படியே எடுத்துவிடாதீர்கள், அவற்றுக்கு உரிமையாளர்கள் வேறு. உள்ளூர் இசையமைப்பாளரைப் புது மெட்டுப் போடச் சொல்லுங்கள். அந்த மெட்டு யாருக்குச் சொந்தம், அடுத்த வருஷம் மறுபடி மேடையேற்றினால் அவருக்கு என்ன பங்கு என்பதை ஒத்திகைக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் படைப்புதான் வேண்டும் என்றால் இரண்டு தலைப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள், ஏனென்றால் பெரிய தொழில்முறைக் குழு இந்த வட்டாரத்துக்கு அதே நாடகத்தோடு வருவதாக இருந்தால் உங்களுக்கு மறுத்துவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகி வரும்வரை போஸ்டரும் வேண்டாம், டிக்கெட் விற்பனையும் வேண்டாம்.