நோயாளியின் வாயை அடைக்கச் சிலுவையைத் தூக்கி வராதீர்கள்

பெரிய வெள்ளி கழிந்து இரண்டு வாரம்கூட ஆகாது, வார்டுகளில் அதே பேச்சு தொடங்கிவிடும். ஆராதனையில் நாலாம் வார்த்தைக்கு (இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதான “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற கதறலுக்கு) கேட்ட பிரசங்கத்தை அப்படியே கொண்டுவந்து, புற்றுநோய் முற்றிப் படுத்திருப்பவரிடம் யாராவது சொல்கிறார்கள்: “நம்ம பாவமெல்லாம் இயேசுவின்மேல ஏறினதும் பிதா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. பாவத்தை அவரால பார்க்க முடியாது ஆன்ட்டி.” ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். படுத்திருப்பவர் போடும் கணக்கு வேறு. சொந்தக் குமாரனையே பார்க்காமல் திரும்பிக்கொண்டவர் என்னையா பார்ப்பார்? எனக்கு இந்த நோய் வந்ததே அவர் திரும்பிக்கொண்டதால்தானோ? அன்று ராத்திரி தூக்கம் போகிறது. மறுநாள் தாதி வலிமருந்து கொண்டுவந்தால், “வேண்டாம், நான் அனுபவிக்க வேண்டியது” என்கிறார்.

மருத்துவமனைகளிலும் அந்திமப் பராமரிப்பு இல்லங்களிலும் ஆன்மிகத் துணைப்பணி செய்கிற எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழகியிருக்கக் கூடாத காட்சி. அதனால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கதறலைப் பதிவு செய்திருப்பவை மத்தேயு (27:46), மாற்கு (15:34) என்ற இரண்டு சுவிசேஷங்கள். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை தேசமெங்கும் இருள். மூன்று மணிக்கு இயேசு மிகுந்த சத்தமாய், “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கூப்பிடுகிறார். இரண்டிலும் இருப்பது இவ்வளவே. பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற வரி நான்கு சுவிசேஷங்களில் எதிலும் கிடையாது. அது பாட்டிலும் பிரசங்கத்திலும் வளர்ந்து, வேதவசனம் போலவே நம் காதில் பதிந்துவிட்டது.

அவர் கூப்பிட்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கத்தோலிக்கர் கையிலிருக்கும் வேதாகமத்தில் திருப்பாடல் 22. தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள், 31 வசனங்கள்தான். கைகால்களை உருவக் குத்தியது, உடுப்புக்குச் சீட்டுப்போட்டது, நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. 24ஆம் வசனத்தில் நின்று வாசியுங்கள். உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாய் எண்ணவில்லை, அருவருக்கவில்லை, தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டார். எந்தச் சங்கீதத்தை இயேசு சிலுவையில் ஜெபித்தாரோ, அதே சங்கீதம் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

உடனே ஆபகூக் 1:13ஐ எடுப்பார்கள். “தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே” என்ற முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாதியில் தீர்க்கதரிசி அதைத்தான் முறையிடுகிறார்: அப்படியிருக்க, துரோகிகளை நீர் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர், ஏன் மௌனமாயிருக்கிறீர்? தீமை நடக்கும் இடத்தைத் தேவனால் பார்க்க முடியாது என்பதற்கு அந்த வசனம் ஆதாரமாகாது. பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவரை மாம்சத்தில் வந்த தேவன் என்று அறிக்கையிடுகிற நாம் இதைச் சொல்லலாமா?

இன்னும் பாருங்கள். “நான் தனித்திரேன், பிதா என்னுடனேகூட இருக்கிறார்” என்று, பிடிபட்ட அதே இரவில், அதற்குச் சற்று முன் இயேசு சொல்கிறார் (யோவான் 16:32). உயிர் விடும்போது “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்கிறார் (லூக்கா 23:46). அதுவும் சங்கீதம்தான், 31:5. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:19). சிலுவைக்கு எதிரே முகம் சுளித்து நிற்கும் ஒரு பிதாவை அங்கே காண முடியாது. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், பிதா கைவிட்டார் என்பதற்கு, பாடுகளிலிருந்து அவரைக் காப்பாற்றாமல் விட்டார் என்று பொருள் சொன்னார். தண்டனையைப் பற்றி அவ்வளவு அழுத்திப் பேசிய சீர்திருத்தச் சபைப் போதகர் ஜான் கால்வினும், தேவன் ஒருபோதும் இயேசுவுக்குப் பகைவராகவோ அவர்மேல் கோபமாகவோ இருந்ததில்லை, தமக்குப் பிரியமான குமாரன்மேல் அவர் எப்படிக் கோபப்படுவார் என்று எழுதியிருக்கிறார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பல விஷயங்களில் மோதிக்கொண்டவர்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம் சிலுவையில் உடைந்துபோகவில்லை என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. “அவர் சும்மா சங்கீதம் சொன்னாரு, முடிவு ஜெயம்னு அவருக்குத் தெரியும்” என்று வலியைத் துடைத்துவிடுவது. இது பழைய நோய். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பேதுருவின் சுவிசேஷம் என்ற ஏற்கப்படாத நூல், இயேசுவுக்கு வலியே இல்லாததுபோல அவர் மௌனமாயிருந்தார் என்கிறது. கதறலையும் “என் வல்லமையே, என்னைக் கைவிட்டாயே” என்று மாற்றிவிடுகிறது. திருச்சபை அதைத் தள்ளியது. கெத்செமனேயில் “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்றவர் நடிக்கவில்லை. பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டினார் என்று எபிரெயர் 5:7 சொல்கிறது. பாவத்தின் நியாயத்தீர்ப்பை, சாபத்தை, மரணத்தை அவர் மெய்யாகவே சுமந்தார். 1563இல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடை 44ஆம் கேள்வியில், அவர் பட்ட அந்த நரக வேதனையை, கடும் சோதனையில் இருப்பவனுக்கு நிச்சயம் தரும் ஆறுதலாகவே எடுத்துவைக்கிறது. அதாவது அவருடைய அனுபவத்தில் கைவிடப்பட்ட நிலை மெய். பிதாவின் அன்பு விலகாததும் மெய். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர் நோயாளியின் படுக்கை அருகே நாலாம் வார்த்தையைத் தொட வேண்டாம்.

இனி, பார்க்கப் போகிறவர்களுக்கு.

சிலுவை அருகே நின்றவர்கள் அந்தக் கதறலைக் கேட்டு, “எலியாவைக் கூப்பிடுகிறான்” என்றார்கள். “பொறு, எலியா இவனை இரட்சிக்க வருவானோ பார்ப்போம்” என்று வேடிக்கை பார்த்தார்கள். இன்றும் இதுதான் நடக்கிறது. நோயாளி “ஆண்டவர் என்னை விட்டுட்டாரு” என்றதும், அது காதில் விழாததுபோல, “அற்புதம் நடக்கும், விசுவாசிங்க” என்று குரலை உயர்த்துகிறோம். ஏழெட்டுப் பேர் படுக்கையைச் சுற்றி நின்று சத்தமாய் ஜெபிக்கிறோம். ஒரு திரைக்கு அப்பால் அடுத்த நோயாளி படுத்திருக்கிறார். இரண்டு பேர் போங்கள், போதும். உட்காருங்கள், நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசாதீர்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள்: “கைவிட்டுட்டாருன்னு தோணுதாக்கா?” பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழுநாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டார்.

“அப்படிப் பேசாதீங்க, அது அவிசுவாசம்” என்ற வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பது தேவனை நோக்கிச் சொன்னது. அதன் முதல் வார்த்தையே “என்” தேவனே. சண்டை போடுகிறவர் இன்னும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அதை ஜெபமாக ஏற்றுக்கொள்ளுங்கள். “அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா?” என்று கிளறுவது அதைவிடக் கொடுமை. நோயாளியே கேட்டால் போதகரையோ குருவானவரையோ அழைத்து வாருங்கள். கேட்காதவரிடம் துருவாதீர்கள்.

அவர் ஜெபிக்கச் சொன்னால் 22ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை மெதுவாக வாசித்து நிறுத்துங்கள். அடுத்த முறை 24ஆம் வசனம்வரை போகலாம். ஒரே மூச்சில் ஜெயகீதத்துக்குத் தாவ வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் இந்த இருளில் இருந்ததை அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த கடிதங்கள் காட்டின. “எனக்கு மட்டும்தான் இப்படியா” என்று கேட்கும் கத்தோலிக்கப் பாட்டிமாருக்கு இது பெரிய ஆறுதல்.

வலிமருந்து. இயேசு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தார் என்று காட்டி மார்ஃபினை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாமாகச் சுமக்க வந்ததை அவர் தெளிந்த புத்தியோடு சுமந்தார். நீங்கள் உலகத்தின் பாவத்தைச் சுமக்கவில்லை, உங்கள் எலும்பில் பரவிய கட்டியைச் சுமக்கிறீர்கள். கடைசியில் “தாகமாயிருக்கிறேன்” என்று கேட்டு, கொடுத்த காடியை அவர் வாங்கிக்கொள்ளவும் செய்தார். வலியைத் தணிக்க மருந்து எடுப்பது தவறில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே சொல்லிவிட்டார். நேரப்படி எடுக்க வேண்டிய மார்ஃபினை வலி தாங்காதபோது மட்டும் எடுத்தால் வலி கைமீறி ஏறிவிடும், பிறகு அதை அடக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும்; அதற்கான மருந்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தாதியிடம் கேளுங்கள், சபை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

புலம்பலும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. தேவனிடம் கோபப்படுகிறவரைப் பற்றி எனக்குப் பயம் குறைவு. கோபமும் அடங்கிப்போய், யாரோடும் பேசாமல், பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராமல் இரண்டு வாரம் போனால் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். “நான் எல்லாருக்கும் பாரம்”, “போய்ச் சேர்ந்துட்டா நல்லது” என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டிலிருப்பவர் என்றால், சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்பு உதவி தரும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் உண்டு. அங்கே அழைப்பது விசுவாசக் குறைவு இல்லை.

போதகர்களுக்கு ஒரு கெஞ்சல். அடுத்த பெரிய வெள்ளியில் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை ஏழு வார்த்தைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, நாலாம் வார்த்தையைப் புதிதாகப் பேச வரும் வாலிபரிடம் தள்ளிவிடாதீர்கள். பேசுகிறவர் யாரானாலும் 22:24ஐ சபை முன் சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் பெஞ்சுகளில் கீமோ முடித்து வந்தவர்களும், அடுத்த வாரம் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்து அவர்கள் வாசலில் கைகொடுக்க வரும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி, “வீட்டுக்கு எப்ப வரலாம்?” என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.