நடுப்பகுதி ஆடும்போதே எடுத்துவிடுங்கள்

நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் திருநாள் விருந்தில், வான்கோழிக்குப் பிறகு அமெரிக்க வீட்டு மேசைக்கு வருவது பரங்கிக்காய் பை (pie), அதாவது மாவு ஓட்டுக்குள் இனிப்புக் கலவையை ஊற்றிச் சுடும் பண்டம். அதன் நடுவே பல வீடுகளில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். கிரீமை அத்தனை தாராளமாக மேலே குவிப்பது அதை மறைக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெயரில் பரங்கி இருந்தாலும் இது அடிப்படையில் ஒரு கஸ்டர்டு, பாலை முட்டையால் உறையவைக்கும் இனிப்பு. 1796-இல் அச்சான அமெலியா சிம்மன்ஸின் சமையல் நூலில் இதற்குப் பெயரே புட்டிங்தான். வேகவைத்து வடித்த பரங்கியோடு கிரீமும் ஒன்பது முட்டைகளும் சேர்த்து, மாவு ஓட்டில் ஊற்றி வேகவைக்கச் சொல்கிறார். அந்த முட்டைதான் பண்டத்தைக் கட்டி நிறுத்துகிறது. சுருண்டு கிடக்கும் முட்டைப் புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன; பாலும் பரங்கிச் சாறும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. வெறும் முட்டை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். பால் அதை நீர்க்கச் செய்கிறது, சர்க்கரை அவிழ்வதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் இந்தக் கலவை உறைவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி வேண்டும்.

அதற்கு மேலும் சூடேறினால் வலை இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்ணீரை வெளியே தள்ளும். விளிம்பு முதலில் வெந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது. அளவுக்கு மீறி வெந்த நடுப்பகுதி ஆறும்போது சுருங்குகிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் எங்காவது பிளக்கத்தானே வேண்டும்? ஆகவே தட்டை லேசாக அசைக்கும்போது விளிம்பு அசையாமலும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் தளதளவென்றும் இருந்தால், உடனே ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிச்ச வேலையை உள்ளே தங்கிய சூடே முடித்துவிடும். வேகவில்லையோ என்ற பயத்தில் விடும் கூடுதல் பத்து நிமிடம்தான் வெடிப்புக்குக் காரணம்.

பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய காய் நாரும் நீருமாக இருக்கும், பைக்கு உதவாது. இல்லினாய் மாநிலத்தில் விளைந்து டின்னில் அடைபடும் டிக்கின்சன் ரகம் வெளிர்பழுப்புத் தோலும் கெட்டிச் சதையும் கொண்டது. நம் சந்தையில் கீற்றாக அறுத்து விற்கும் பரங்கியும் அதே குக்குர்பிட்டா மாஸ்கேட்டா இனம்தான். அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய காய் இது; பரங்கியர் எனப்பட்ட ஐரோப்பியர் வழியே நம்மிடம் வந்ததை அதன் தமிழ்ப் பெயரே நினைவூட்டுகிறது. வீட்டில் செய்பவர்கள் காயை வேகவைக்காமல் ஓவனில் சுட்டு, விழுதை வாணலியில் நீர் சுண்டும்வரை கிளற வேண்டும். அல்வா கிண்டிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையல்ல.

மைதா ஓட்டுக்கு வெண்ணெய் குளிர்ந்தே இருக்க வேண்டும். துண்டு துண்டாக நிற்கும் வெண்ணெயிலுள்ள ஈரம் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். பருப்பை மேலே பாரமாக வைத்து ஓட்டை முன்கூட்டியே பாதி சுட்டுவிட்டால் அடி சொதசொதக்காது.

கலவைக்குள் எதை மாற்றலாம் என்பதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கு வேறுபடுகிறது. வெர்மான்ட் பக்கம் சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் பாகு ஊற்றுவார்கள். பாகில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் பாலைக் குறைக்காவிட்டால் பை தளர்ந்துவிடும். தென் மாநிலங்களில், குறிப்பாகக் கறுப்பின அமெரிக்கர் வீடுகளில், பரங்கிக்கு இடமில்லை, அங்கே சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி வேகும்போதே மால்டோஸ் சர்க்கரையாக மாறுகிறது. மீதி தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பை கனமாக, கசியாமல் நிற்கும். பரங்கிப் பையிலும் ஒரு கரண்டி சோளமாவு சேர்த்தால், மாவுச்சத்து புரதங்களுக்கு நடுவே புகுந்து அவை அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கும். மாற்றக் கூடாதது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு. பரங்கி வாசனை என்று பலர் நினைப்பது உண்மையில் இவற்றின் வாசனைதான்.

முட்டை சேர்க்காதவர்கள் தேங்காய்ப் பாலும் சோளமாவும் கொண்டு செய்கிறார்கள். அங்கே விதி தலைகீழ். மாவுச்சத்து ஊதிக் கெட்டியாக, நடுப்பகுதியும் கொதிநிலையை நெருங்க வேண்டும். ஓவனிலிருந்து எடுக்கும்போது முழுப் பையும் குழம்பாக ஆடும்; குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு இருந்தால்தான் கத்திக்கு நிற்கும். அன்றே வெட்டினால் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிட வேண்டியதுதான்.